அம்மாவுக்கு மரத்துப்போகும் ஊசி போடலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 58 வயது, எடை 46 கிலோ, சுகரும் பிரஷரும் இருக்கிறது, கையிலும் முதுகிலும் இருக்கிற மூன்று கொழுப்புக் கட்டிகளை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுக்கலாம் என்கிறார் டாக்டர், அந்த ஊசி இதயத்தைப் பாதிக்குமா, டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தால் போதாதா?

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மைனர் ஓ.டி. (சின்ன ஆபரேஷன் செய்கிற அறை) நர்ஸாக 14 வருஷம் இருந்தவள். போடலாம். பயப்பட வேண்டிய மருந்து இல்லை. அந்த ஊசியில் போடுகிற லிக்னோகைன் 1948-லிருந்து விற்பனையில் இருக்கிறது, பல் பிடுங்குவதிலிருந்து தையல் போடுவது வரை தினமும் எத்தனையோ பேருக்குப் போடுகிறார்கள். ஆனால் டெஸ்ட் டோஸ் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "டெஸ்ட் டோஸ் போட்டாச்சுல்லா, இனி என்ன" என்று டாக்டரைத் தவிர எல்லாரும் சொல்வார்கள். தோலில் துளியூண்டு போட்டுப் பார்ப்பது அலர்ஜி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். இந்த மருந்துக்கு உண்மையான அலர்ஜி மிகவும் அபூர்வம். நிஜமான ஆபத்து அளவு கூடிப்போவதும், ஊசி முனை ரத்தக்குழாய்க்குள் இருக்கும்போது மருந்தைத் தள்ளிவிடுவதும்தான், இரண்டையும் டெஸ்ட் டோஸ் காட்டிக்கொடுக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முக்கூடலிலிருந்து பீடி சுற்றுகிற ஒரு ஆச்சி வந்திருந்தார்கள், 42 கிலோதான் இருப்பார்கள், உங்கள் அம்மாவைப் போலவே மூன்று கட்டி. ரத்தக்குழாயைச் சுருக்குகிற அட்ரினலின் கலக்காத 2 சதவீத மருந்து, ஒவ்வொரு கட்டிக்கும் டாக்டர் கேட்கக் கேட்க நான்தான் சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தேன், மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று நான் எண்ணவில்லை. மூன்றாவது கட்டி பாதியில் இருக்கும்போது ஆச்சிக்குப் பேச்சு குழறியது, கை வெட்டி வெட்டி இழுத்தது. உடனே நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, வலிப்பு வராமல் மருந்து கொடுத்து, சாயங்காலம் வரை பக்கத்திலேயே வைத்துப் பார்த்தோம், நல்லபடியாக எழுந்தார்கள். அப்புறம் கணக்குப் பார்த்தால் 14 மில்லி போயிருக்கிறது, அதாவது 280 மில்லிகிராம். அவர்கள் எடைக்கு 189-ஐத் தாண்டியிருக்கக் கூடாது.

எழுந்த பிறகு ஆச்சி சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "ரெண்டாவது கட்டியிலயே வாயைச் சுத்தி எறும்பு ஊருன மாதிரி இருந்துச்சு தாயி, காதுல வண்டு இரைஞ்சுது, டாக்டர் வேல பாக்கும்போது இடையில பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன்." அந்த இரண்டும்தான் முதல் அடையாளம். உதடும் நாக்கும் மதமதப்பது, வாயில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி, காது இரைச்சல், தலை கிறுகிறுப்பு. அந்த நிமிஷத்திலேயே சொன்னால் ஊசியை நிறுத்திவிடலாம். அதையும் தாண்டி அளவு கூடினால்தான் வலிப்பும், அதற்கு மேல் இதயத் துடிப்பில் கோளாறும் வரும். அப்படி வந்தால் பால் போல வெள்ளையாக இருக்கிற 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவார்கள், அதுவும் ஆக்சிஜனும் இருக்கிற இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும்.

சரி, உங்கள் அம்மாவின் கணக்கு. அட்ரினலின் இல்லாத மருந்துக்குக் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்பது பொதுவாகச் சொல்லும் உச்ச அளவு, 46 கிலோவுக்கு 207. 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கும், ஆக மூன்று கட்டிக்கும் சேர்த்தே சுமார் 10 மில்லிதான். ஒரு 30 மில்லி மருந்துக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு! அட்ரினலின் கலந்தது மருந்தை அந்த இடத்திலேயே பிடித்து வைக்கும் என்பதால் கிலோவுக்கு 7 வரை போகலாம், ஆனால் கொஞ்ச நேரம் படபடப்பு வரலாம், பிரஷர் இருக்கிறவர்களுக்கு எதைப் போடுவது என்பது டாக்டரின் முடிவு. இவை எல்லை, அவ்வளவும் போட வேண்டும் என்றில்லை. ஒரே நாளில் மூன்றும் வேண்டாம், இரண்டு தடவையாக எடுக்கலாமா என்று தாராளமாகக் கேளுங்கள், நான் பார்த்த நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட்டதில்லை. அந்த ஆச்சியே அடுத்த மாதம் மிச்சத்துக்கு வந்து படுத்ததும், "இன்னைக்கு எத்தனை மில்லி போடுதீய?" என்றுதான் கேட்டார்கள்.

மாத்திரைச் சீட்டுகளை அப்படியே எடுத்துப் போங்கள். பிரஷருக்கு ப்ரோப்ரனலால் சாப்பிட்டால் இந்த மருந்து உடம்பை விட்டு வெளியேற நேரமாகும், கல்லீரல் கோளாறு இருந்தாலும் அப்படித்தான். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், சொல்லுங்கள். சுகர் மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள், பட்டினி இருக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அன்றைய மாத்திரையை என்ன செய்வது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார வையுங்கள், ஏனென்றால் தோலுக்கடியில் போட்ட மருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும்.