பழைய ரிவெட் பாலத்தில் விரிசல் எங்கே பிறக்கும்?

கேள்வி: நூறு வயதைத் தாண்டிய, ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்த ரயில் பாலங்களின் இணைப்புகளில் உலோகச் சோர்வை எப்படி மதிப்பிடுகிறார்கள்? பெரிய கர்டர்கள் பார்க்க நன்றாகத்தானே இருக்கின்றன?

பெரிய கர்டர்கள் நன்றாகத்தான் இருக்கும். சோர்வு என்பது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி உலோகம் விரிசல் விடுவது. அது முதலில் தலைகாட்டுவது அங்கே அல்ல. தண்டவாளத்துக்குக் கீழே அதன் நீளவாக்கில் ஓடும் ரயில் பேரர் என்ற சிறு உத்தரமும், அதைத் தாங்கும் குறுக்கு உத்தரமான கிராஸ் கர்டரும் சேர்கிற மூலையைப் பாருங்கள். பாலங்களில் ஸ்ட்ரெயின் கேஜ், அதாவது உலோகம் நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் பட்டை, ஒட்டும் வேலையில் சில வருடம் இருந்தேன். முதல் கேஜ் எப்போதும் அந்த மூலைக்குத்தான் போகும்.

ஒரு ரயில் முழுவதும் கடந்தால் பாலத்தின் பக்கச் சட்டகமான நீளமான ட்ரஸ்ஸின் கீழ்ப்பட்டைக்கு ஏறக்குறைய ஒரே ஒரு பெரிய சுமை ஏற்ற இறக்கம். சில மீட்டரே நீளமுள்ள ரயில் பேரருக்கோ, 58 வேகன் சரக்கு ரயில் ஒன்று போனால் ஐம்பதுக்குக் குறையாது.

இன்னொன்று, வரைபடத்தில் அந்த இணைப்பு கீல் மாதிரி. பேரரின் முனை தாராளமாகத் திரும்பும் என்று வைத்துத்தான் அந்தக் காலத்தில் கணக்குப் போட்டார்கள். இரண்டு ஆங்கிள் (L வடிவ எஃகுத் துண்டு) வைத்து வரிசையாக ரிவெட் அடித்து இறுக்கிய மூலை எப்படித் தாராளமாகத் திரும்பும்? ஓரளவு பிடித்துக்கொள்ளும். சக்கரம் பேரரின் நடுவே வரும்போதெல்லாம் மேல்வரிசை ரிவெட்டுகள் வெளியே இழுபடும். கணக்கிலேயே இல்லாத இழுவை இது. ரிவெட் தளர்வதும் ஆங்கிளின் உள்மடிப்பில் விரிசல் விழுவதும் பெரும்பாலும் மேல்பக்கம்தான்.

தளர்ந்த ரிவெட்டைக் கண்டுபிடிக்க இன்றும் விரல்தான் கருவி. இடது கை ஆள்காட்டி விரலை, ரிவெட் தலையையும் தகட்டையும் சேர்த்துத் தொடும்படி வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து 110 கிராம் சுத்தியலால் தட்ட வேண்டும். இறுக்கமாக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்திருந்தால் தலை அசைவது விரல் நுனியில் மெல்லிய துடிப்பாகத் தெரியும். காய்ச்சி அடித்த ரிவெட் ஆறும்போது சுருங்கித் தகடுகளை நெருக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடி இருக்கும்வரை உராய்வு சுமையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பிடி போனால் துளையின் விளிம்பே சுமக்க வேண்டும். விரிசல் பிறப்பது அங்கே.

அப்புறம் கேஜ். பெயிண்ட்டைச் சுரண்டி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து ஒட்டி, ஓடும் ரயில்களை வைத்தே அளக்கிறோம். கிடைத்த தகைவு வீச்சுகளை, அதாவது உலோகத்தின் உள்ளே சுமை ஏறி இறங்கிய அளவுகளை, அளவுவாரியாகப் பிரித்து எண்ணி, ஒவ்வொன்றும் ஆயுளில் எவ்வளவு தின்றது என்று கூட்டுவது மைனர் விதி. கூட்டுத்தொகை 1 வந்தால் ஆயுள் முடிந்ததாகக் கொள்வோம். ரிவெட் இணைப்புக்கு ஐரோப்பாவில் பரவலாக எடுத்துக்கொள்ளும் வலிமை, 20 லட்சம் ஏற்ற இறக்கத்துக்கு 71 மெகாபாஸ்கல் தகைவு வீச்சு. சேதத்தை வீச்சின் மூன்றாம் அடுக்கில் எடுப்பது வழக்கம்; வீச்சு இரட்டித்தால் சேதம் எட்டு மடங்கு. நம் சரக்கு வேகன்களின் அச்சுச் சுமை 20.3 டன்னிலிருந்து 22.9 டன்னுக்குப் போனது பார்வைக்கு 13 சதவீதம்தான். சோர்வுக் கணக்கில் 40 சதவீதத்துக்கும் மேல்.

இன்றைய ரயிலை அளந்துவிடலாம். 1920-ல் எந்த எஞ்சின் எத்தனை முறை போனது என்பதுதான் தலைவலி. பழைய பதிவேடுகளைத் தேடி, கிடைக்காத வருடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்கிறோம். உலோகத்தையும் சோதிக்க வேண்டும். 1895-க்கு முன் தயாரான எஃகை இந்திய ரயில்வே தனி வகையாகவே வைத்திருக்கிறது. அதில் பாஸ்பரஸ் அதிகம் இருக்கலாம், அப்படியிருந்தால் நொறுங்கும் குணம் கூடும்.

துளையில் பிறந்த விரிசல் முதலில் ரிவெட் தலைக்கோ ஆங்கிளுக்கோ அடியில் ஒளிந்திருக்கும். சாயம் தடவிப் பார்த்தாலும் தெரியாது. வளர்ந்து விளிம்பைத் தாண்டினால்தான் வெளிப்படும். ரிவெட் பாலத்தின் நல்ல குணம், தகடும் ஆங்கிளும் தனித்தனித் துண்டுகள். ஒன்றில் ஓடும் விரிசல் நேரே அடுத்ததற்குத் தாவாது. வெல்டிங் கர்டரில் இந்த வசதி கிடையாது. அதனால் விரிசல் விளிம்புக்கு வெளியே வந்த நாளிலிருந்து அந்தத் துண்டு அறுந்துபோகும் நாள்வரை எத்தனை ரயில் போகும் என்று தனியாகக் கணக்கிடுகிறோம். அதற்குள் இரண்டு முறையாவது ஒருவர் சுத்தியலும் டார்ச்சுமாக அந்த மூலைக்கு வந்துபோகும்படி ஆய்வு அட்டவணையைப் போடுகிறோம்.