கோழி மட்டும் எப்படித் தப்பியது?

அன்புள்ள ஐயா,

மேயும்போது ‘கௌ’, தட்டுக்கு வந்தால் ‘பீஃப்’. ‘ஷீப்’ எப்படி ‘மட்டன்’ ஆனது என்று பத்தாவது படிக்கும் என் மகள் கேட்டாள். மேய்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் பிரெஞ்சு பேசிய நார்மன், அதனால்தான் என்றேன். “அப்போ சிக்கனை ஏன்பா விட்டுட்டாங்க?” என்கிறாள். என்ன சொல்ல?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

மகள் சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். மீனையும்தான் விட்டுவிட்டார்கள்.

இந்த விளக்கம் ஊரெல்லாம் பரவ வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவல் ஒரு முக்கியக் காரணம். அதில் ஒரு கோமாளி பன்றி மேய்ப்பவனிடம் இதைத்தான் சொல்வான். பாதி உண்மை. 1066-ல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் நடந்த போரில் நார்மன்களின் தலைவன் வில்லியம் வென்றபின் நிலமும் பதவியும் நார்மன்கள் கைக்குப் போயின. ஜட்ஜ், ஜூரி, அட்டர்னி எல்லாம் அந்த வழியில் வந்தவை. 1362-ல், வழக்குகளை இனி ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்!

ஆனால் தொழுவத்துக்கு ஒரு சொல், தட்டுக்கு ஒரு சொல் என்ற பாகப்பிரிவினை உடனே நடந்துவிடவில்லை. பீஃபும் மட்டனும் நெடுங்காலம் உயிருள்ள விலங்கையும் குறித்தன. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வட்டிக்காரன் ஷைலாக், ஒரு ராத்தல் மனிதச் சதை ‘மட்டன்கள், பீஃப்கள், வெள்ளாடுகள்’ இவற்றின் இறைச்சி அளவுக்குக்கூடப் பெறாது என்கிறான். மட்டனின் இறைச்சி! ஹேஸ்டிங்ஸ் முடிந்து 500 வருடம் கழித்தும் மட்டன் நாலு காலில் நடமாடியிருக்கிறது. (பிரெஞ்சில் அது செம்மறி, நம் கடைகளில் பெரும்பாலும் வெள்ளாடு.)

எனக்குப் பிடித்த ஜோடி வேறு. போன மாதம் மிக்ஸி வாங்கப் போனேன். ரிப்பேர் ஆனால் புதுசு தருவீர்களா என்று கேட்டதற்குக் கடைக்காரர், “அது கியாரண்டி சார். இதுக்கு வாரண்டிதான்” என்றார். பிறப்பால் இரண்டும் ஒன்றே. பிரான்ஸின் வடபகுதிப் பேச்சில் ‘வ’ என்று நின்ற ஒலி பாரிஸ் பக்கம் ‘க’ ஆகிவிட்டது. வில்லியமே அங்கே கியோம்தான். நார்மன்களோடு வந்தது வாரண்டி. ‘க’ ஒலியோடு கியாரண்டி பிற்பாடு வந்தது. வார்டன், கார்டியன் கதையும் இதே. சீஃப் நடுக்காலத்தில் வந்தது, செஃப் 19-ஆம் நூற்றாண்டில். இரண்டுக்கும் மூலம் ‘தலை’ என்று பொருள்படும் ஒரே பிரெஞ்சுச் சொல். கடன் வாங்கியது மறந்துபோய் மறுபடியும் வாங்கி, வந்ததைத் திருப்பாமல் ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடுவது ஆங்கிலத்தின் பழக்கம். மகளிடம் கோழியை விட்டு இதைச் சொல்லிப் பாருங்கள்.

மிக்ஸி ஜாருக்கு இரண்டுமே கிடையாதாம். வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்தபோதுதான் தெரிந்தது.