தம்பிக்கு அணைக்கட்டு வேலைதான் வேண்டுமாம்

ஆச்சி, உங்கள் கடிதம் கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிற அளவுக்குக் கட்-ஆஃப் வைத்துக்கொண்டு, 'பழைய அணைகளில் கரண்ட் எடுக்கிற வேலைக்குத்தான் போவேன்' என்கிறானாம் தம்பி. 'காரைக்குடிப் பக்கம் ஒரு அணைகூட இல்லையே' என்று கேட்டிருக்கிறீர்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன வீட்டுக்காரர் கேட்கிற கேள்வியா இது?

அவன் சொல்வது நிஜமான வேலைதான். வைகை அணை 1959-இல் பாசனத்துக்காகக் கட்டியது. 6 மெகாவாட் மின்நிலையம் அதில் பிற்பாடுதான் வந்தது. சுவர் ஏற்கெனவே நிற்பதால் புதிதாக எந்த ஊரும் மூழ்காது. டர்பைன் என்கிற சக்கரத்தைச் சுழற்றிவிட்டுத் தண்ணீர் வழக்கம்போல வயலுக்குப் போய்விடும். அமெரிக்க எரிசக்தித் துறை 2012-இல் கணக்குப் பார்த்தபோது, மின்சாரம் எடுக்காத அணைகளிலிருந்து மட்டும் 12,000 மெகாவாட் வரை எடுக்கலாம் என்று வந்தது.

கணக்கு ரொம்ப எளிது. 10 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் விழுந்தால் ஏறக்குறைய 80 கிலோவாட். மின்கம்பி போய்ச் சேராத ஒரு சின்ன மலைக்கிராமத்துக்கு அது தாராளம். ஆனால் அங்கே ராத்திரி எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டால் டர்பைன் தறிகெட்டுச் சுற்றும். மிஞ்சுகிற மின்சாரத்தை ஹீட்டருக்குத் திருப்பிவிட ஒரு கன்ட்ரோலர் வேண்டும். அப்புறம், பாசன அணையில் தண்ணீர் முதலில் விவசாயிக்குத்தான். மதகு மூடினால் மின்சாரமும் நின்றுவிடும். இந்த இரண்டையும் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்காமல் மேலே மேலே கேள்வி கேட்டால் அவனுக்கு இது ஒத்துவரும்.

என்ன படிப்பது? 'ரெனியூவபிள்' என்று பெயர் வைத்த இளநிலைப் படிப்பைத் தேடி ஓடாதீர்கள். சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றில் ஒன்று போதும். என்னைக் கேட்டால் ட்ரிபிள் இ. அணை வேலை அமையாவிட்டாலும் சோலார், காற்றாலை, சப்ஸ்டேஷன் என்று எங்கும் போகலாம். அணைச் சுவர்மேல்தான் ஆசை என்றால் சிவில். 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பழைய அணைகளைச் சோதிக்கிற வேலைக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. மூன்று பிரிவுமே நம்மூர் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் இருக்கின்றன. மேலே படிக்க கேட் நுழைவுத் தேர்வு எழுதி ரூர்க்கி ஐஐடி போகலாம். நீர்மின்சாரத்துக்கும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கும் தனித்துறை அங்கே உண்டு.

வேலை கிடைப்பதைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஐடி மாதிரி கல்லூரிக்கே வந்து கூட்டமாக ஆள் எடுக்க மாட்டார்கள். மின்வாரியத் தேர்வு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை கிடைத்தாலும் காடு, மலை, குவார்ட்டர்ஸ் சாப்பாடுதான். ஆனால் நீலகிரி குந்தாவின் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் (தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) போன்றவற்றிலும் இதே படிப்புக்கு இடம் உண்டு.

கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். தண்ணீர் திறந்துவிட்டிருக்கிற நாளாகப் பார்த்து தம்பியை வைகை அணைக்கு அழைத்துப் போங்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டால் மின்நிலையத்தையும் பார்க்கலாம். அங்கே ஷிப்டில் இருக்கிற இன்ஜினியரிடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனாரா என்று நீங்களே கேளுங்கள். அதற்குப் பிறகும் தம்பி மாறவில்லை என்றால் இரண்டு பேரும் வாருங்கள், கல்லூரிப் பட்டியலை உட்கார்ந்து போடலாம்.