வாசகர் கேள்வி பதில்: அமைச்சருக்கு அவையில் என்ன வேலை?

கேள்வி: அறிவொளிக் காலச் சிந்தனையாளர் மோந்தெஸ்கியூவின் அதிகாரப் பிரிவினைக் கொள்கையே (சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்க வேண்டும் என்பது) மக்களாட்சியின் அடித்தளம் என்று தொடக்கக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த என் மகள், ‘நம் அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருக்கிறார்களே, அது எப்படி?’ என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது? – வாசகி, ஈசூன்

பதில்: இந்தக் கேள்விக்கு மோந்தெஸ்கியூவே சற்றுத் திணறியிருப்பார். மன்னர் இல்லாத நாட்டில், சட்டமியற்றும் அவையிலிருந்து எடுத்த சிலரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தால் சுதந்திரம் ஒழிந்துபோகும் என்று, 1748இல் வெளிவந்த ‘சட்டங்களின் ஆன்மா’ என்ற நூலில் அவர் எழுதினார். அவர் முன்மாதிரியாகக் காட்டிய நாடு இங்கிலாந்து. ஆனால், 1729 முதல் 1731 வரை அவர் அங்கே தங்கியிருந்த நாள்களில், ஆட்சியை நடத்திய ராபர்ட் வால்போல் மக்களவை உறுப்பினராக அவையில்தான் அமர்ந்திருந்தார்! விருந்தாளியின் கண்ணுக்கு வீட்டின் சமையற்கட்டு தெரியவில்லை போலும்.

இதன் வேர் 1701ஆம் ஆண்டின் அரியணை உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. மன்னரிடம் பதவியோ ஊதியமோ பெறுபவர் மக்களவையில் அமரக்கூடாது என்று அதில் ஒரு விதி இருந்தது. நடைமுறைக்கு வருவதற்கு முன்பே அது நீக்கப்பட்டது. நீதிபதிகள் நன்னடத்தையோடு இருக்கும்வரை பதவியில் நீடிப்பார்கள், மன்னர் நினைத்தபடி அவர்களை விலக்க முடியாது என்ற மற்றொரு விதியோ நிலைத்துவிட்டது. முதல் விதியின் கருத்தை அமெரிக்கர்கள் 1787இல் தங்கள் அரசமைப்பில் மீட்டெடுத்தார்கள். செனட் உறுப்பினர் ஒருவர் அங்கே வெளியுறவு அமைச்சராக வேண்டுமானால், செனட் பதவியைத் துறந்தாக வேண்டும்.

சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது இங்கிலாந்தின் வழி. நம் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களிலிருந்தே நியமிக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் தடையாக இருப்பது இங்கே கட்டாயம். அவையின் பெரும்பான்மை ஆதரவு இருக்கும்வரைதான் அமைச்சரவை நிலைக்கும் என்பது இதிலுள்ள கணக்கு. ஆளும் கட்சியின் பெரும்பான்மை மிகப் பெரிதாக இருக்கும்போது அந்தக் கணக்கு தளர்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே, பிரிவினையின் பளு பெரும்பாலும் நீதிமன்றத்தின் தோளில் விழுகிறது. 98ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதுவரை பதவியில் இருப்பார். ஐவருக்குக் குறையாத நடுவர் குழு விசாரித்துப் பரிந்துரைத்தாலன்றி அவரை நீக்க முடியாது. பதவிக்காலத்தில் அவருடைய ஊதியத்தைக் குறைக்கவும் முடியாது. 65 வயதுக்குப் பிறகு குறிப்பிட்ட காலத்துக்குப் பணியை நீட்டிக்க இடமிருப்பது, என் பார்வையில், இந்தக் காப்பின் மெலிந்த பகுதி.

உங்கள் மகளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். மோந்தெஸ்கியூவுக்கு முன் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் பிரித்துக் காட்டிய மூன்று அதிகாரங்கள் சட்டமியற்றல், நிர்வாகம், அயல்நாட்டு உறவு ஆகியவை. அந்த மூன்றில் நீதித்துறை தனியாக இடம்பெறவில்லை. அதைத் தனி அதிகாரமாக நிறுத்தியவர், போர்தோ நகர உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் பதவி வகித்த மோந்தெஸ்கியூ. இங்கிலாந்து அமைச்சர்களைப் பற்றித் தவறியவர், தன் சொந்தத் தொழிலைப் பற்றித் தவறவில்லை.

கேள்வி: தேர்தல் மக்களாட்சிக்கு வழிகாட்டியவர் தத்துவ அறிஞர் ரூசோதானே? – வாசகர், தோ பாயோ

பதில்: இல்லை, அவர் அதைக் கேலி செய்தவர். இங்கிலாந்து மக்கள் தேர்தல் நாளில் மட்டுமே சுதந்திரமானவர்கள், உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் மீண்டும் அடிமைகள் என்பது 1762இல் அவர் ‘சமூக ஒப்பந்தம்’ நூலில் எழுதிய கருத்து. ஆட்சியின் இறைமை, அதாவது உச்ச அதிகாரம், மக்களுடையது என்பதே அவரிடமிருந்து பிற்காலத்தவர் எடுத்துக்கொண்டது. அந்த நூலின் முகப்பில் அவர் தம்மை ‘ஜெனீவாக் குடிமகன்’ என்று பெருமையோடு குறித்திருந்தார். அதே ஆண்டில் ஜெனீவா அரசு அதை எரிக்க உத்தரவிட்டது.