கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் குறி தப்புமா? கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு 11 வயது, மைனஸ் 2.5 பவர். ஏர் ரைஃபிள் பழக ஆசைப்படுகிறாள். கண்ணாடி தடையாக இருக்குமா சார்?

பதில்: இருக்காதுங்க. 10 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். எவ்வளவு நல்ல கண்ணுக்கும் அது சுடுகிற இடத்திலிருந்து தெரியாது. அட்டையின் கறுப்பு வட்டத்தை, குழல் நுனியில் இருக்கும் முன்குறி வளையத்தின் நட்டநடுவில் நிறுத்துவதுதான் வேலை. வளையம் பளிச்சென்று இருந்து, வட்டம் லேசாக மங்கினால் அதுவே சரி.

கேள்வி: புத்தகம் படிக்கும்போது எந்தத் தொந்தரவும் இல்லை, துப்பாக்கியைத் தோளில் வைத்தால் மட்டும் கலங்கலாகத் தெரிகிறது என்கிறான் பையன்.

பதில்: என்னிடம் வரும் கண்ணாடிப் பிள்ளைகளில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். கன்னத்தைத் துப்பாக்கியின் கன்னக்கட்டையில் சாய்த்ததும் தலை குனிகிறது. பார்வை லென்ஸின் நடுவை விட்டு, மூக்கை ஒட்டிய மேல் மூலைக்குப் போய்விடுகிறது. பவர் கூடக்கூட அந்த மூலையில் உருவம் சிதையும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். குண்டு போடாத துப்பாக்கியோடு பையன் குறி பார்த்து நிற்கட்டும். மிளகளவு ஸ்டிக்கரை நீங்கள் பக்கத்தில் நின்று (குழலுக்கு முன்னால் ஒருபோதும் போகாதீர்கள்) லென்ஸில் ஒட்டி, "மறைக்குதா?" என்று கேட்டுக் கேட்டு நகர்த்துங்கள். குறி மறைகிற இடம்தான் அவன் பார்க்கிற இடம். அது ஃபிரேமின் ஓரத்தில் இருந்தால், கன்னக்கட்டையையும் பின்குறியையும் (கண்ணருகே இருக்கும் குறித்துளை) உயர்த்தச் சொல்லுங்கள். தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும், துப்பாக்கிதான் கண்ணைத் தேடி வர வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு இத்தனையும் செய்தும் கலங்கல் போகவில்லை. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தேன். அதே மூலையில் கட்டைவிரல் ரேகை! ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கண்ணாடியை மேலே தள்ளிவிடுகிற பழக்கம். காதுக்குப் பின்னால் ஒரு பட்டை கட்டினோம், தீர்ந்தது.

கேள்வி: தனியாக ஷூட்டிங் கண்ணாடி வாங்கித் தரலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். வளர்கிற பிள்ளைக்குப் பவர் மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஃபிரேமில் ஒற்றை லென்ஸைப் பார்வைக்கு நேராகத் திருப்பி நிறுத்தலாம், உண்மையிலேயே நல்ல சாமான். ஆனால் விளையாட்டில் ஊன்றிய பிறகு போதும். அதுவரை பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) லென்ஸ் போட்ட சாதாரணக் கண்ணாடியே நல்லது.

கேள்வி: இடது கண்ணை மூடத் தெரியவில்லை. பழக்கவா?

பதில்: பழக்காதீர்கள். ஒன்றை இறுக்கினால் மற்றதும் சுருங்கும். இடது லென்ஸுக்கு முன் வெள்ளைத் தாள் துண்டு வையுங்கள். போட்டி விதிப்படி அகலம் 30 மில்லிமீட்டருக்குள். தாள் வைப்பதற்கு முன்பே எந்தக் கண் ஓங்கியது (குறி பார்க்க மூளை எந்தக் கண்ணை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது) என்று கண்ணாடி போட்டபடியே பாருங்கள். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஓங்கியிருப்பது சகஜம்.

கேள்வி: கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுட்டால்?

பதில்: கூடவே கூடாது. குண்டு தெறித்துத் திரும்பலாம்.

கேள்வி: முதல் பத்துக் குண்டு அருமை. அப்புறம் வளையம் இரண்டாகத் தெரிகிறதாம்.

பதில்: எவ்வளவு நேரம் குறி பார்க்கிறாள் என்று மனதுக்குள் எண்ணுங்கள். எட்டு வரை எண்ணியும் சுடவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கச் சொல்லுங்கள். இரண்டு மூச்சு, தூரத்துச் சுவரில் ஒரு பார்வை, பிறகு மறுபடி. அப்படியும் இரண்டாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், பவர் மாறியிருக்கலாம்.