கால்சியமும் மெக்னீசியமும் சேர்த்துப் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு, காலைல தைராய்டு மாத்திரை போடுறாங்க. கால்சியம், மெக்னீசியம் ரெண்டையும் ஒரே நேரத்துல போடலாமா?

பதில்: கம்மி டோஸ்னா பெரிய பிரச்னை இல்லைங்க, ஆனா டோஸ் அதிகம்னா குடல்ல ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும், அதனால கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடவும் மெக்னீசியத்தை ராத்திரி சாப்பிட்டதும்னு பிரிச்சுக்கோங்க. ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் கால்சியத்துக்கு மேல உடம்பு சரியா இழுக்காது. அட்டையில 1250 மி.கி. கால்சியம் கார்பனேட்னு பார்த்து பயந்துடாதீங்க, அதுல இருக்குற கால்சியம் 500 தான். தைராய்டு மாத்திரை போட்டு 4 மணி நேரம் கழிச்சுதான் இது ரெண்டும். நம்ம வீடுகள்ல காலைல எல்லாத்தையும் உள்ளங்கைல கொட்டி ஒரே முழுங்கா முழுங்குறதுதானே நடக்குது! வயித்தால போனா மெக்னீசியம்தான் காரணமா இருக்கும், டாக்டர்கிட்ட டோஸைக் குறைக்கக் கேளுங்க. கிட்னி கோளாறு இருந்தா அவர் சொல்லாம தொடவே வேணாம்.