பொட்டலம் கிடைக்கிறது, படுக்கை எங்கே? வீடற்றோர் குறித்த கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, வீடற்றோர் தங்கும் விடுதியொன்றில் பல ஆண்டுகள் பொறுப்பாளராக இருந்த ஒருவர் பதிலளிக்கிறார்.

பாம்பன் ஆசிரியர்: அக்னி தீர்த்தக் கரையில் படுத்திருப்போருக்கு உணவு கொடுத்து வருகிறோம். ஆண்டுகள் கழிந்தும் அதே முகங்கள்தாம். அவர்கள் மனம் மாறாமல் நாம் செய்வதில் பயன் உண்டா?

ஐயா, மனம் மாறட்டும், பிறகு வழி செய்வோம் என்றே நாம் எல்லோரும் நினைக்கிறோம். நான் கண்டவரை, நாலு இரவு அச்சமின்றித் தூங்கியவருக்கே தன்னைப் பற்றி யோசிக்கத் தெம்பு வருகிறது. ராமேஸ்வரத்தில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. அமாவாசையன்று ஒருவரிடமே மூன்று பொட்டலங்கள் சேர்ந்து, மூன்றாவது பொட்டலம் நாய்க்குப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூக்கம்தான் கிடைப்பதில்லை. அடையாள அட்டையும் மாத்திரைச் சீட்டும் வைத்திருந்த துணிப்பையின் காதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுத்த ஒரு முதியவர், விடிவதற்குள் நான்கு முறை எழுந்து உட்கார்ந்து பையைத் தடவிப் பார்த்ததை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். அவரிடம் காலையில் போய், திருந்தி வாழுங்கள் என்று எப்படிச் சொல்வது?

நியூயார்க்கில் 1992இல் தொடங்கிய ஒரு முயற்சி, குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையை நீக்கி, முதலில் வீட்டைக் கொடுத்துப் பிறகு சிகிச்சைக்கு அழைத்தது. பின்லாந்து 2008 முதல் இதை அரசின் கொள்கையாகவே நடத்துகிறது. கொடுப்பதற்குக் காலி வீடுகள் நம்மிடம் இல்லை என்றாலும், அந்த வரிசை நமக்கும் பொருந்தும்: முதலில் படுக்க ஓர் இடம், பிறகு மற்றவை. ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் என்று உச்ச நீதிமன்ற வழக்கின் வழியாக வந்த அளவுகோல் இங்கே போதாது. யாத்திரையாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் உள்ளூர் மக்கள்தொகைக் கணக்கில் வருவதில்லை.

ஏர்வாடி வாசகி: மனநலம் குன்றிய பெண் ஒருவர் தனியே தெருவில் திரிகிறார். யாரிடம் சொல்வது?

அம்மா, காவல் நிலையத்தில் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 100ஆவது பிரிவின்படி, இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது காவல்துறையின் கடமை. வீடற்றவருக்குச் சிகிச்சை இலவசம் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. உறவினரைத் தேடும் பொறுப்பும் காவல்துறையைச் சேர்ந்ததே. புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது மறுநாள் நினைவில் இருப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட ஊரில் இருப்பவர்களுக்கு, அடைத்து வைப்பது தீர்வல்ல என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்டபத்திலிருந்து ஒருவர்: படகுத் துறையில் கூலிக்குப் போகும் என் நண்பர் கூலியைக் குடித்துவிட்டுத் துறையிலேயே படுக்கிறார். நிறுத்து என்றால் நிறுத்துவாரா?

தம்பி, ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவமனை. அடுத்தது பணம். எங்கள் விடுதியில் விரும்பியவர்கள் கூலியில் ஒரு பங்கைப் பள்ளிக்கூட நோட்டில் தேதியிட்டு எழுதி, தாங்களே கையெழுத்திட்டு எங்களிடம் விட்டுவைப்பார்கள். கேட்டால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம், காரணம் கேட்பதில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை வரும்போது துறையில் வேலை முடங்கும். மீண்டவர்கள் மறுபடி சறுக்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே ஏப்ரலுக்கு முன்பே வலை பின்னுதல், கட்டட வேலை என்று ஏதாவதொன்றைப் பேசி வைத்துவிடுங்கள்.

கீழக்கரை வாசகர்: முகவரி இல்லாதவர் வாக்காளர் ஆக முடியுமா?

முடியும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6இல் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதி செய்வார்.

தொண்டி வாசகி: மகனால் கைவிடப்பட்ட ஒரு மூதாட்டியை மீண்டும் அந்த மகன் வீட்டில் சேர்க்க விரும்புகிறோம். சரிதானா?

முதலில் அவரையே கேளுங்கள். ஊர்ப் பெயரைச் சொல்லும்போது முகம் மலர்கிறதா, பேச்சை மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். நாங்கள் ஒருமுறை அவசரப்பட்டு, ஒரு தாயை மகனிடம் கொண்டுபோய் விட்டோம். இருபது நாளில் அவர் அதே பேருந்து நிலையத்தில் அமர்ந்திருந்தார், எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது எங்கள் பிழை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அவர் தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோரலாம். முதியோர் உதவி எண் 14567இல் வழி சொல்வார்கள். அவர் சம்மதிக்கும்வரை, எங்கே இருக்கிறார் என்பதை மகனிடம் தெரிவிக்காதீர்கள்.